உண்ணியின் குடலில் ஒரு நோய்க்களஞ்சியம்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களில் உண்ணியைக் காணாத வீடு அரிது எனலாம். கற்பிட்டிக் குடாநாட்டில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளும், களப்போரத்துப் பற்றைகளில் மேயும் ஆடுமாடுகளும், வாசலில் படுத்திருக்கும் நாய்களும் அதனைச் சுமந்து திரிகின்றன. வண்ணாத்திவில்லுக்கு அப்பால் வில்பத்துக் காட்டின் எல்லையில் வாழ்வோருக்கு மானும் பன்றியும் அதனைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. எனினும், இவ்வளவு பரிச்சயமான இச்சிற்றுயிரின் வயிற்றினுள் என்ன இருக்கின்றது என்பதைப் பற்றி எம்மவர் சிந்திப்பதில்லை. நுளம்புக்குக் கிடைத்த கவனத்தில் பத்திலொரு பங்குகூட உண்ணிக்குக் கிடைக்கவில்லை என்பதே எமது அபிப்பிராயம்.

உண்ணி பூச்சியினத்தைச் சார்ந்ததன்று; சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவினம். முட்டையிலிருந்து வெளிவரும்போது ஆறு கால்களும் பின்னர் எட்டுக் கால்களும் கொண்டிருக்கும். வாழ்நாள் முழுவதும் அது உண்பது இரத்தம் ஒன்றையே. இங்குதான் ஒரு சிக்கல் எழுகின்றது. இரத்தத்தில் புரதம் மிகுதி. 'பி' வகை விற்றமின்களோ மிகக் குறைவு. அக்குறையை நிரப்புவன உண்ணியின் உடலினுள் குடியிருக்கும் பக்டீரியாக்களே. பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நுண்ணுயிர்க்கொல்லி மருந்தினால் இப்பக்டீரியாக்கள் அழிக்கப்பட்ட உண்ணிகளின் வளர்ச்சி தடைப்பட்டது. 'பி' விற்றமின்களை ஊட்டியபோது அவை மீண்டும் வளர்ந்தன. இத்தகைய துணைப் பக்டீரியாக்கள் பெரும்பாலும் சூலகத்திலும் கழிவகற்றும் நுண்குழாய்களிலும் தங்கி, முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. மனிதருக்கு அவற்றால் தீங்கு விளைவதாக அறியப்படவில்லை.

தீங்கு விளைப்பவை வேறு. அவற்றுள் எமது நாட்டுக்கு முக்கியமானது 'ரிக்கெட்சியா' என்னும் பக்டீரியா வகை. அமெரிக்க மருத்துவரான ஹோவர்ட் ரிக்கெட்ஸ் புள்ளிக்காய்ச்சலை உண்ணி பரப்புகின்றது என்பதை 1906 இல் நிறுவினார். பின்னர் மெக்சிகோவில் ரைபசுக் காய்ச்சலை ஆராயச் சென்று, 1910 இல் அந்நோய்க்கே பலியானார். கிருமிக்கு அவரது பெயரே நிலைத்தது. இக்கிருமி இரத்தத்துடன் உண்ணியின் குடலை அடைந்து, குடற் கலங்களினுள் புகுந்து பெருகி, குடற்சுவரைக் கடந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கும் சூலகத்துக்கும் செல்கின்றது. ஒரு தாய் உண்ணி இடும் முட்டைகளோ ஆயிரக்கணக்கானவை. ஆகவே, தொற்றிய விலங்கு ஒன்றேனும் இல்லாத இடத்திலும் நோய் உண்ணிகளுக்குள்ளேயே பரம்பரை பரம்பரையாகத் தொடர முடிகின்றது.

இலங்கையில் உண்ணியால் பரவும் புள்ளிக்காய்ச்சல் மத்திய, மேல் மாகாணங்களில் பேராதனை, களனிப் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வாளர்களால் விரிவாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. வடக்கில் மிகுதியாகக் காணப்படும் பற்றைக்காட்டு ரைபசு வேறொரு நோய். அதனைக் காவுவது மிகச் சிறிய சிற்றுண்ணியின் குடம்பி. இரண்டும் காய்ச்சல், கடும் தலையிடி, மூட்டுவலி ஆகியவற்றுடனேயே தொடங்குகின்றன. டெங்குவும் அவ்வாறே; எலிக்காய்ச்சலும் அவ்வாறே. புள்ளிக்காய்ச்சலில் சில நாட்களின் பின்னர் உள்ளங்கை, உள்ளங்கால் உட்பட உடலில் செந்தடிப்புகள் தோன்றலாம். ஆனால் கருநிறத் தோலில் அவை கண்ணுக்குப் புலப்படாமலே போவதுண்டு.

இக்குழப்பத்தின் விளைவை எமது மாவட்டத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும். 2006 ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டைத் தாக்கிய சிக்குன்குன்யா புத்தளத்தையும் விட்டுவைக்கவில்லை. வடக்கிலிருந்து 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட மக்கள் அப்போதும் இங்கு ஓலைக் குடிசைகளில் நெருக்கமாக வாழ்ந்த காலம் அது. அக்கொள்ளைநோய்க் காலத்தில் நாட்டில் சிக்குன்குன்யா எனக் கருதப்பட்ட நோயாளர் சிலருக்கு உண்மையில் ரிக்கெட்சியாத் தொற்றே இருந்தமை களனிப் பல்கலைக்கழகத்தினர் 2011 இல் வெளியிட்ட ஆய்வில் தெரியவந்தது. சிக்குன்குன்யா வைரசினால் வருவது. அதற்கு ஓய்வும் வலிநிவாரணியுமே வழி. ரிக்கெட்சியாவுக்கோ மருந்து உண்டு. அதுவும் மலிவான மருந்து. 'டொக்ஸிசைக்கிளின்' தொடங்கி இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சல் பெரும்பாலும் தணிந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு வைத்தியர்கள் வேறு மருந்தைத் தெரிவு செய்வர். ஆனால் கடைகளில் கேட்டு வாங்கி விழுங்கப்படும் 'அமொக்ஸிசிலின்' இங்கு பயன் தராது. பக்டீரியாவின் கலச்சுவரைத் தாக்கும் அம்மருந்து, எமது உடற்கலங்களினுள் ஒளிந்து வாழும் இக்கிருமியை வெல்வதில்லை. சிகிச்சை தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியனவும் பாதிக்கப்பட்டு உயிராபத்து நேரலாம்.

கடித்த உண்ணியை அகற்றுவதில் எம்மிடையே நிலவும் பழக்கங்கள் வேறொரு கவலை. மண்ணெண்ணெய் ஊற்றுவோரும், புகையிலைச் சாறு பூசுவோரும், நெருப்புக்குச்சியால் சுடுவோரும் இன்னும் உள்ளனர். துன்புறுத்தப்பட்ட உண்ணி தன்னுள் இருக்கும் கிருமி கலந்த திரவத்தைக் கடிவாயினுள்ளேயே செலுத்திவிடக்கூடும். கூர்மையான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தெடுத்துச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதே தக்க முறை. நகத்தால் நசுக்குவதும் கூடாது. சிறுவர்களின் காதினுள் உண்ணி புகுவது இலங்கையில் பலமுறை அவதானிக்கப்பட்ட ஒன்று; அதனை வீட்டில் எடுக்க முயலாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

ஹஜ்ஜுப் பெருநாளை முன்னிட்டு உழ்ஹிய்யாவுக்கான ஆடுமாடுகள் வீட்டு வளவுகளுக்குக் கொண்டுவரப்படும் நாட்களில் அவற்றைக் குளிப்பாட்டித் தடவிக் கொடுப்பவர்கள் பிள்ளைகளே. காதுமடல், தாடை, வாலடி ஆகிய இடங்களில் உண்ணி உள்ளதா எனப் பெரியவர்கள் முதலில் பார்ப்பதும், மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி உண்ணிக்கொல்லி இடுவதும் சிரமமானவையல்ல. மருந்திட்ட விலங்கை எத்தனை நாட்களின் பின்னர் அறுக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டறிய வேண்டும். அதன்பின் இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், வைத்தியர் கேட்காவிடினும், உண்ணி கடித்ததை அல்லது மந்தையோடு பழகியதை நோயாளரே கூறிவிட வேண்டும். எமது வெளிநோயாளர் பிரிவுகளின் சனநெரிசலில் அவ்வினாவுக்கு நேரம் கிடைப்பது அபூர்வம்.