ஹீப்ரூ ஸ்கூல்: அமெரிக்க யூதத் தொழுகைக்கூடங்களில் சமயக் கல்வி

அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் படிக்கும் யூதக் குழந்தைகள், பள்ளி விட்ட மாலையிலோ ஞாயிறு காலையிலோ தொழுகைக்கூடத்துக்கு வந்து சமயம் படிக்கும் ஏற்பாட்டை அங்கே ஹீப்ரூ ஸ்கூல் என்று சொல்கிறார்கள். ஞாயிறு மட்டும் நடந்தால் சண்டே ஸ்கூல். எபிரேய எழுத்துகள், வழிபாட்டுப் பாடல்கள், யூத மறைநூலான தோராவின் கதைகள், பண்டிகை ஆசாரங்கள், யூத வரலாறு ஆகியவை பாடங்கள். கணிதத்தையும், சமயச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதையும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கும் முழுநேர யூதப் பள்ளிகள் வேறு. அமெரிக்க யூதர்களில் பெரும்பாலோர் தம் சமயத்தைப் படித்தது முழுநேரப் பள்ளியில் அல்ல, இந்தத் துணைப் பள்ளியில்தான். இங்கே கிடைக்கும் படிப்பு போதவில்லை என்ற குறையும் பள்ளியோடு கூடவே வளர்ந்து வந்திருக்கிறது. அந்தக் குறைக்கு ஒவ்வொரு தலைமுறையும் தேடிய மருந்துகளே இப்பள்ளியின் வரலாறு.

பிள்ளைக்குத் தோரா கற்பிப்பது தந்தையின் கடமை என்பது யூத மரபின் மிகப் பழைய விதி. தந்தை இல்லாத பிள்ளை என்ன செய்யும்? தல்மூதின் பாபா பத்ரா பகுதி இதற்கு ஒரு வரலாறு சொல்கிறது. முதலில் எருசலேமில் ஆசிரியர்களை வைத்தார்கள். தந்தை உள்ளவன் அழைத்துப் போகப்பட்டான். இல்லாதவன் ஊரிலேயே நின்றுவிட்டான். பிறகு மாவட்டந்தோறும் ஆசிரியர்களை வைத்து, 16, 17 வயதுப் பையன்களைச் சேர்த்தார்கள். ஆசிரியர் கோபித்தால் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். கடைசியில் யோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு ஊருக்கு ஊர் ஆசிரியர்களை அமர்த்தி, ஆறேழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்கச் செய்தார். அவர் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவர். ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 ஆனால் துணைக்கு ஓர் ஆள், 50 ஆனால் இரண்டு ஆசிரியர்கள் என்று வகுப்பின் அளவையும் தல்மூது வகுத்திருக்கிறது. வீட்டில் கற்பிக்க ஆள் இல்லாத பிள்ளைக்காகவே பள்ளி தோன்றியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அமெரிக்கக் கதை எளிதில் விளங்கும்.

கிழக்கு ஐரோப்பாவில் இந்த மரபு ஹேடர் என்ற ஓரறைப் பள்ளியாக நிலைத்தது. மெலமெட் எனப்படும் ஆசிரியர் தம் வீட்டிலேயே கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்துவார். கட்டணம் கட்ட முடியாத ஏழைப் பிள்ளைகளுக்குச் சமூகமே நடத்திய பள்ளிக்குத் தல்மூத் தோரா என்று பெயர். இரண்டும் கப்பலேறி அமெரிக்கா வந்தன. ஆனால் அங்கே யூதர்களின் முதல் வெற்றிகரமான சமயப் பள்ளி இவை இரண்டிலிருந்தும் வரவில்லை. அதைத் தொடங்கியவர் ஒரு பெண்.

ரெபெக்கா கிராட்ஸ் (1781-1869) ஃபிலடெல்ஃபியாவின் செல்வந்த வணிகக் குடும்பத்தில் பிறந்தவர், திருமணம் செய்துகொள்ளாதவர், இறந்துபோன தங்கையின் பிள்ளைகளை வளர்த்தவர். 1819இல் ஏழை யூதப் பெண்களுக்கான உதவிச் சங்கம் ஒன்றை நிறுவ முன்னின்றார். வீடு வீடாகச் சென்றபோது, ஏழைக் குழந்தைகள் தம் சமயம் இன்னதென்றே அறியாமல் வளர்வதையும், கிறித்தவ ஊழியர்கள் அவர்களை அன்போடு தம் பக்கம் அழைப்பதையும் கண்டார். புராட்டஸ்டன்ட் ஞாயிறு பள்ளி இயக்கத்தின் தலைமையிடமும் அதே நகரம்தான். எதிரில் இருந்த அந்த முறையையே எடுத்து, 1838இல் மிக்வே இஸ்ரேல் தொழுகைக்கூடத்தைச் சேர்ந்த பெண்களின் துணையோடு எபிரேய ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். கட்டணம் கிடையாது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தார்கள். கற்பித்தவர்கள் எல்லாரும் சம்பளம் வாங்காத பெண்கள்.

பாடநூல் இல்லாதது பெரிய இடராக இருந்தது. கிறித்தவ விவிலிய வினாவிடை நூல்களையே வாங்கி, யூதருக்கு ஒவ்வாத விடைகளின்மேல் காகிதம் ஒட்டி மறைத்துப் பயன்படுத்தினார்கள். அத்தொழுகைக்கூடத்தின் வழிபாட்டுத் தலைவரான ஐசக் லீசர் 1839இல் சிறுவர்களுக்கான வினாவிடை நூல் ஒன்றை எழுதினார். பள்ளியின் ஆசிரியைகளில் ஒருவரான சிம்ஹா பெய்ஷோட்டோவும் பாடநூல் எழுதினார். பெண்கள் பொதுவெளியில் சமயம் கற்பிப்பது யூத மரபில் அதுவரை வழக்கமில்லை. பெண்பிள்ளைக்கு முறையான கல்வியே அரிது. அந்த இரண்டையும் இப்பள்ளி ஆரவாரமில்லாமல் மாற்றிவிட்டது. அதே 1838இல் சார்ல்ஸ்டனில் சாலி லோபஸும் இதைப் பின்பற்றி ஒரு பள்ளி திறந்தார். ரெபெக்கா கிராட்ஸ் 1864 வரை தம் பள்ளியை நடத்தினார். இதில் எபிரேய மொழி போதிய அளவு இல்லை, எல்லாம் ஆங்கிலத்தில் மனப்பாடம் என்று பின்வந்த கல்வியாளர்கள் குறை சொன்னார்கள். அந்தக் குறை உண்மைதான். ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு அந்த நகரில் வேறு பள்ளி எது இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் அதை எடைபோட வேண்டும். இக்கல்வியின் வரலாற்றை எழுதுபவர்கள் அவரை முன்னுரையில் மட்டும் நிறுத்திவிட்டு ஆண்களின் நிர்வாகச் சீர்திருத்தத்துக்கு விரைந்துவிடுவது நியாயம் ஆகாது.

1881 முதல் 1924 வரை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து இறங்கினார்கள். அரசுப் பள்ளி அவர்களுக்குக் கிடைத்தற்கரிய வரம். பிள்ளைகளை அங்கே அனுப்பப் பெற்றோர் ஒரு கணமும் தயங்கவில்லை. சமயப் படிப்பு மாலைக்குத் தள்ளப்பட்டது. நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் நிலவறைகளிலும் கடைகளின் பின்கட்டுகளிலும் ஹேடர்கள் நடந்தன. வேறு பிழைப்புக் கிடைக்காதவர்கள் மெலமெட் ஆனார்கள். பகலில் ஆங்கிலம் பேசிய பையன், மாலையில் பொருள் சொல்லித் தரப்படாத எழுத்தை எழுத்துக்கூட்டி வாசித்துப் பிரம்படி வாங்கினான். கல்வியாளர்களான மொர்டெகாய் கப்லானும் பெர்னார்ட் கிரான்சனும் 1909இல் நடத்திய ஆய்வில், நகரின் யூதப் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே ஏதேனும் சமயக் கல்வி பெறுவது தெரியவந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, நியூயார்க் காவல் ஆணையர் தியடோர் பிங்கம், நகரின் குற்றவாளிகளில் பாதிப் பேர் யூதர்கள் என்று ஓர் இதழில் எழுதினார். கண்டனம் எழுந்து, அவர் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஆனால் அந்த அதிர்ச்சியில் நகரின் யூதர்கள் ஒன்றுகூடி, ரபி (யூத சமய ஆசான்) யூதா மேக்னஸ் தலைமையில் கெஹில்லா என்ற பொது அமைப்பை 1909இல் உருவாக்கினார்கள். அதன் முதல் வேலைகளில் ஒன்று, 1910இல் யூதக் கல்விப் பணியகத்தைத் தொடங்கியது. வங்கியாளர் ஜேக்கப் ஷிஃப் அதற்குப் பொருளுதவி செய்தார். தலைமைக்கு அழைக்கப்பட்டவர் சாம்சன் பென்டர்லி.

பென்டர்லி 1876இல் பாலஸ்தீனத்தின் சஃபேத் ஊரில் பிறந்தவர். பால்டிமோரில் மருத்துவம் படித்து முடித்தவர். மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு எபிரேயம் கற்பிக்க வந்தார். எபிரேயத்தை எபிரேயத்திலேயே, பேச்சு மொழியாகக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. படக்காட்சி, பாட்டு, நாடகம், கைவேலை எல்லாவற்றையும் வகுப்புக்குள் கொண்டுவந்தார். இயல்பாகவே எதிர்ப்பு வந்தது. பழமைப் பற்றாளர்கள் பிள்ளைகளுக்குப் பக்தி போய்விடும் என்று அஞ்சினார்கள். முழுநேர யூதப் பள்ளிகளை அவர் விரும்பவில்லை. எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் கூடிப் படிக்கும் அரசுப் பள்ளியே ஜனநாயகத்தின் அடித்தளம், யூதக் கல்வி அதற்குத் துணையாகவே நிற்க வேண்டும் என்றார். அடுத்த அரை நூற்றாண்டுக்கு அமெரிக்க யூதர்களின் பொதுக்கருத்து இதுவே.

கெஹில்லா நெடுநாள் நீடிக்கவில்லை. 1922இல் அது கலைந்தது. நீடித்தது பென்டர்லி வளர்த்த ஆட்கள். 'பென்டர்லி பையன்கள்' என்று அழைக்கப்பட்ட அந்த இளைஞர்களைக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரிக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். கல்வித் தத்துவவாதி ஜான் டூயியின் கருத்துகள் அங்கே காற்றோடு கலந்திருந்த காலம் அது. அலெக்சாண்டர் டஷ்கின், ஐசக் பெர்க்சன், இமானுவேல் கமோரான் போன்றவர்கள் பின்னர் ஊருக்கு ஊர் கல்வி வாரியங்களை நடத்தினார்கள். பையன்கள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டாலும் அந்தக் குழுவில் ரெபெக்கா பிரிக்னர், லிபி பெர்க்சன் போன்ற பெண்களும் இருந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கென்றே பென்டர்லி மாதிரிப் பள்ளிகளும் நடத்தினார். கமோரான் 1923இல் யூத சமயத்தின் சீர்திருத்தப் பிரிவில் கல்விப் பொறுப்பை ஏற்று, வயதுக்கேற்ற பாடநூல்களை வரிசையாக வெளிக்கொணர்ந்தார். கட்டைவிரல் அளவே உள்ள கடோன்டன் என்ற பையனின் கதைகளைச் சேடி ரோஸ் வைலர்ஸ்டீன் 1935இல் நூலாக வெளியிட்டதும் இந்தக் காலத்தில்தான்.

இடையில் 1922 மார்ச்சில், நியூயார்க்கில் கப்லான் தம் மகள் ஜூடித்தைச் சபைமுன் நிற்கவைத்துத் தோராப் பகுதியை வாசிக்கச் செய்தார். பதின்மூன்று வயதுப் பையன்களுக்கான பார் மிட்ஸ்வாச் சடங்குக்கு இணையாகப் பெண்களுக்கான பாட் மிட்ஸ்வா அமெரிக்காவில் இப்படித் தொடங்கியது. அது பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. பரவிய இடங்களில் வகுப்பறையின் பாதி இருக்கைகள் பெண்பிள்ளைகளுடையவை ஆயின.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யூதக் குடும்பங்கள் நகரத்தின் நெரிசலை விட்டுப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தன. பழைய பேட்டையில் கசாப்புக் கடையும் பாட்டி வீடும் தெருவுமே பாதி பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிடும். புறநகரில் அவை இல்லை. எல்லாவற்றையும் தொழுகைக்கூடத்தின் வகுப்பறை ஒன்றே செய்ய வேண்டியதாயிற்று. சிகாகோவுக்கு அருகே பார்க் ஃபாரஸ்ட் என்ற புதிய குடியிருப்பை ஆராய்ந்த சமூகவியலாளர் ஹெர்பர்ட் கேன்ஸ், 1951இல் வெளியான கட்டுரையில் ஒரு முரணை எடுத்துக்காட்டினார். அங்கே குடியேறிய பெற்றோர் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி வேண்டும் என்றார்கள். அதில் கற்பிப்பதைத் தம் வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியிருக்குமோ என்று தயங்கவும் செய்தார்கள். என் பார்வையில் இந்த முழு வரலாற்றின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. தந்தை இல்லாத பிள்ளைக்காகத் தோன்றிய பள்ளி, தாயும் தந்தையும் உடனிருந்தும் கற்பிக்க இயலாத பிள்ளைகளின் பள்ளியாக மாறிவிட்டது.

பள்ளியில் சேர்க்க வேண்டுமானால் குடும்பம் சபையில் உறுப்பினராக வேண்டும். பார் மிட்ஸ்வா வேண்டுமானால் சில ஆண்டுகள் படித்திருக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளும் தொழுகைக்கூடங்களை நிரப்பின. பழமைக்கும் சீர்திருத்தத்துக்கும் நடுவில் நின்ற கன்சர்வேட்டிவ் சபைகள் வாரம் மூன்று நாள், ஆறு மணி நேரம் வரை நடத்தின. சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலும் ஞாயிறு காலை மட்டும். டஷ்கினும் யூரையா எங்கல்மனும் 1959இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி, யூதக் கல்வி பெற்றவர்கள் ஏறத்தாழ 5.5 லட்சம் குழந்தைகள். அவர்களில் முழுநேரப் பள்ளியில் இருந்தவர்கள் 8 விழுக்காடு மட்டுமே. பரப்பு பெரிது, ஆழம் இல்லை என்பது ஆய்வாளர்களின் முடிவு. பார் மிட்ஸ்வா முடிந்த மறுவாரமே பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். சீர்திருத்தப் பிரிவு, 15, 16 வயதில் ஷாவுவோத் பண்டிகையை ஒட்டி நடக்கும் உறுதிச் சடங்கின் மூலம் அவர்களைச் சற்றுக் கூடுதல் காலம் இருத்திவைக்க முயன்றது.

வகுப்பறை எப்படி இருந்தது? மாலை நான்கு மணிக்கு, அரசுப் பள்ளியில் பகல் முழுதும் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டு வந்த குழந்தை. ஏதோ தின்பண்டம், பிறகு எழுத்துப் பயிற்சி, தர்ம உண்டியலில் ஒரு காசு, கடைசியில் பாட்டு. ஆசிரியர் பகுதிநேரக்காரர், பெரும்பாலும் கல்லூரி மாணவரோ இல்லத்தரசியோ. பொருள் தெரியாமலே வழிபாட்டு நூலை உரக்க வாசிக்கும் திறன்தான் பலருக்கு மிஞ்சியது. 1970களின் இறுதியில் ஒரு ஹீப்ரூ ஸ்கூலை நெருங்கி ஆராய்ந்த டேவிட் ஷோம், அங்கே கற்பிக்கப்படும் வாழ்க்கைமுறையைக் குடும்பங்கள் வாழவில்லை என்று பதிவு செய்தார். வகுப்பைக் குழப்பும் பிள்ளையைக் குறை சொல்வதில் பயனில்லை. அவன் வீட்டில் காணாத ஒன்றை அவனிடம் கேட்டார்கள்.

1960களின் தொடக்கத்தில் ஆறு லட்சத்தை நெருங்கிய மாணவர்களின் மொத்த எண்ணிக்கை அதன்பின் சரிந்தது. பிறப்பு குறைந்தது, அக்கறை மிகுந்த குடும்பங்கள் முழுநேரப் பள்ளிகளுக்குப் போயின, ஞாயிறு காலைக்குக் கால்பந்துப் பயிற்சி போட்டிக்கு வந்தது. 1990ஆம் ஆண்டு யூத மக்கள்தொகை ஆய்வு, யூதர்களின் அண்மைத் திருமணங்களில் 52 விழுக்காடு யூதரல்லாதவரோடு நடந்தவை என்று அறிவித்தபோது சமூகம் நடுங்கியது. அந்த எண் மிகை என்று பின்னர் திருத்தப்பட்டது. ஆனால் கல்விக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்ற வேகம் அதிலிருந்தே பிறந்தது.

அந்தப் பணத்தில் விளைந்தவற்றில் முக்கியமானது குடும்பக் கல்வி. பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுக் காரைத் திருப்பும் பழக்கத்தை மாற்றி, பெற்றோரையும் உள்ளே அழைத்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் ரான் உல்ஃப்சன் போன்றவர்கள் இதற்கு ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்கள். வெள்ளி மாலை விளக்கேற்றுவது, பாஸ்கா விருந்தை நடத்துவது போன்றவற்றைப் பெற்றோருக்கே செய்து காட்டும் வகுப்புகள் வந்தன. 1992இல் கல்வியாளர் ஐசா ஆரான் தொடங்கிய முயற்சி, பள்ளியைத் திருத்தினால் போதாது, சபை முழுவதுமே கற்கும் இடமாக வேண்டும் என்றது. சில சபைகள் ஞாயிறு வகுப்பைக் கைவிட்டு, சனிக்கிழமை ஓய்வுநாள் காலையில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வழிபட்டுப் படிக்கும் முறைக்கு மாறின. கிளீவ்லாந்தில் எழுத்துப் பயிற்சிக்கு முன்பே உடலசைவுகளோடு எபிரேயச் சொற்களைக் காதில் ஏற்றும் முறை உருவாகிப் பல ஊர்களுக்குப் பரவியது. கொடையாளர் ஹரால்ட் கிரின்ஸ்பூன் 2005இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய பி.ஜே. லைப்ரரி, மாதம் ஒரு யூதக் கதைநூலை இலவசமாக வீட்டுக்கே அனுப்புகிறது. பள்ளி வயதுக்கு முன்பே, படுக்கை நேரத்தில், பெற்றோர் வாயாலேயே கதை சொல்லவைக்கும் ஏற்பாடு அது. சரியான இடத்தைத் தொட்ட முயற்சி என்று இதைத்தான் முதலில் சொல்வேன்.

இவை எதுவும் சரிவை நிறுத்திவிடவில்லை. 2006-07இல் துணைப் பள்ளிகளில் ஏறத்தாழ 2.3 லட்சம் குழந்தைகள் இருந்தார்கள். அடுத்த 14 ஆண்டுகளில் கிட்டத்தட்டப் பாதி குறைந்தது. பல பள்ளிகள் மூடப்பட்டன, அல்லது அண்டைச் சபையோடு இணைந்தன. 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் தொழுகைக்கூடத்தில் 11 பேர் கொல்லப்பட்டபின், வகுப்புக்கு வரும் குழந்தைகளை ஆயுதக் காவலர் வாசலில் வரவேற்பது பல ஊர்களில் வாடிக்கையாயிற்று. 2020 பெருந்தொற்றில் எபிரேயப் பயிற்சி திரைக்கு மாறியது. ஆசிரியரும் ஒரு பிள்ளையும் மட்டும் வாரம் அரை மணி நேரம் திரையில் படிப்பது இன்றும் பல இடங்களில் தொடர்கிறது.

பியூ ஆய்வு மையத்தின் 2020 கணக்கெடுப்பின்படி, 2010க்குப் பிறகு மணந்த யூதர்களில் 61 விழுக்காட்டினரின் துணைவர் யூதர் அல்லர். எனவே இன்றைய குடும்ப வகுப்புகளுக்கு வருபவர்களில் யூத வீட்டில் வளராத தாயோ தந்தையோ பலர் உண்டு. பிள்ளையோடு சேர்ந்து முதல் எழுத்தான அலெஃபிலிருந்து தொடங்கும் அவர்களுக்கென்று, குழந்தைகளின் வகுப்பு நடக்கும் அதே மணி நேரத்தில் பல சபைகள் தனி வகுப்பும் நடத்துகின்றன.