பதவி நீங்கிய பின்னும்

மூக்கண்டப்பள்ளித் தொழிற்சாலைகளில் 1980களில் இளைஞராய்ச் சேர்ந்தோர் இன்று ஓய்வுபெற்று வருகின்றனர். பணி அட்டையை ஒப்படைத்த மறுநாளே ‘இனி நான் யார்?’ என்னும் வினா அவர்களை வாட்டுகிறது. வரலாறு இதற்கு என்ன விடை பகர்கிறது?

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, 1948இல் தம் 69ஆம் வயதில் இந்தியத் தலைமை ஆளுநரானார். அதனினும் உயர்ந்த பதவி அன்று நாட்டில் இல்லை. எனினும் 1950இல் மத்திய அமைச்சராகவும், 1952இல் சென்னை மாநில முதலமைச்சராகவும் படியிறங்கிப் பணியேற்றார். 1954இல் அதனினின்றும் விலகினார். 80ஆம் வயதில், 1959இல், சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். 1962இல் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தக் கோரி அமெரிக்கா சென்று கென்னடியைச் சந்தித்தார்.

அறிஞர் இப்னு கல்தூன் (1332-1406) அரசவை வாழ்வைத் துறந்து, 45 வயதளவில் ‘முகத்திமா’வை எழுதினார். பின்னர்க் கெய்ரோவில் காழி பதவியைப் பன்முறை பெற்றார், பன்முறை இழந்தார். ஆயினும் கற்பித்தலைக் கைவிட்டாரில்லை.

பதவி இரவல், பயன்படுதலே மனிதரின் சொந்த அடையாளம் என்பதை இவ்விருவர் வாழ்வும் உணர்த்துகின்றன. ஆனால், அவர்களுக்குப் புகழும் கல்வியும் துணைநின்றன. ஆலைத் தொழிலாளிக்கு அவை இல்லை. அவருடைய கைத்திறனை இளையோர் கற்கும் வாயிலை மஹல்லாக்களே திறத்தல் வேண்டும். முதியோருக்குத் தொழுகை வரிசையில் இடமளித்தால் மட்டும் போதாது. ஊர்ப்பணியிலும் இடமளித்தலே நம் கடமை.