இன்டர்ஃபேஸும் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸும்

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் இன்டர்ஃபேஸ் என்பது ஓர் ஒப்பந்தம். என்னென்ன செயல்கள் வேண்டும் என்று அது சொல்லும். பொருளுக்குரிய மாறிகளை வைத்துக்கொள்ளாது. அப்ஸ்ட்ராக்ட் கிளாஸோ பாதி கட்டிய வீடு. மாறிகளும் கன்ஸ்ட்ரக்டரும் எழுதி முடித்த மெத்தடுகளும் அதில் இருக்கலாம். நேரடியாகப் பொருள் உருவாக்கத்தான் முடியாது.

ஜாவாவில் ஒரு கிளாஸுக்குத் தாய் கிளாஸ் ஒன்றே. இன்டர்ஃபேஸ்கள் எத்தனையும் ஏற்கலாம். ஆகவே பொது மாறிகளைப் பகிர வேண்டிய தேவை இல்லாதவரை இன்டர்ஃபேஸிலிருந்து தொடங்குவதே நல்லது.

இரண்டும் கைகோக்கும் அழகான இடம், 1998இல் ஜாவா 1.2உடன் வந்த கலெக்‌ஷன்ஸ் தொகுதி. லிஸ்ட் என்ற இன்டர்ஃபேஸ் இருபதுக்கும் மேற்பட்ட மெத்தடுகளைக் கேட்கிறது. அத்தனையையும் புதிதாக எழுதுவது பெரும் உழைப்பு. அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட் கிளாஸை நீட்டித்தால், மாற்றமுடியாத பட்டியலுக்கு கெட், சைஸ் ஆகிய இரண்டை மட்டும் எழுதினால் போதும். தேடலும் ஒப்பீடும் இட்டரேட்டரும் தாயிடமிருந்தே வந்துவிடும். பட்டியலைப் பயன்படுத்துபவருக்கு லிஸ்ட் என்ற பெயர் மட்டும் தெரிந்தால் போதும். எவ்வளவு நேர்த்தியான வேலைப் பங்கீடு!

முன்பெல்லாம் வெளியிட்ட இன்டர்ஃபேஸில் ஒரு மெத்தடைக் கூட்டினால், அதை ஏற்ற பழைய கிளாஸ்கள் கம்பைல் ஆகாமல் நின்றுவிடும். 2014இல் வந்த ஜாவா 8, உடல் கொண்ட டிஃபால்ட் மெத்தடுகளை இன்டர்ஃபேஸுக்குள் அனுமதித்தது. கலெக்‌ஷனில் ஸ்ட்ரீம் மெத்தட் சேர்ந்தது அப்படித்தான்.