அடிமை ஒழிப்புவாதம்

அடிமை ஒழிப்புவாதம் என்பது, ஒரு மனிதரை இன்னொருவர் உடைமையாக வைத்திருக்கும் முறையைத் திருத்தி நடத்த இயலாது, வேரோடு களையவே வேண்டும் எனக் கொள்ளும் அரசியல், சமூகக் கருத்தாகும். கொடுமையைக் குறைக்குமாறு கேட்கும் சீர்திருத்தத்திலிருந்து அது இங்கேயே பிரிகிறது. அதன் வழக்கு எசமானரின் குணத்தின் மீதன்று, அவரது உரிமையின் மீது.

கடும் உழைப்பும் சொற்ப வருவாயும் மட்டும் அடிமைமுறை ஆகிவிடா. புத்தளம் மாவட்டத்து உடப்பில் கரைவலை இழுப்பவர் பாடு இல்லாத நாளில் வெறுங்கையோடு திரும்பினாலும், மீன் பட்ட நாளில் அவருக்குப் பங்கு உண்டு. வலைக்காரர் அவரை விற்கவோ மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கவோ முடியாது. யாழ்ப்பாணத்தில் இவ்விரண்டும் நடந்தன. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை என்னும் வழக்காற்றுச் சட்டம், நிலத்தோடும் நகையோடும் அடிமைகளையும் குடும்பச் சொத்தாகவே கருதியது. ஆங்கிலேயர் 1806இல் அத்தொகுப்புக்குச் சட்ட வலு அளித்தனர்.

இலங்கையின் பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டனின் தூண்டுதலால், 1816 ஆகஸ்ட் 12 முதல் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் என அடிமை உடைமையாளர் பலர் இசைந்தனர். அது பிரித்தானிய இளவரச ஆட்சியாளரின் பிறந்தநாள்; விடுதலை, பெறுவோரின் உரிமையாக அல்லாமல், அரசவைக்குச் செலுத்தும் மரியாதையாகத் தொடங்கியது கவனிக்கத்தக்கது. பின்னர் 1821ஆம் ஆண்டுச் சட்டம் கோவியர், நளவர், பள்ளர் ஆகிய சாதிகளின் அடிமைகளுக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளை அரசே சிறு தொகை கொடுத்து மீட்க வழிசெய்தது. தாயின் நிலையே பிள்ளைக்கும் வரும் என்பது விதியாகையால், பெண்ணை மீட்டால் அடுத்த தலைமுறை அடிமையாகப் பிறவாது என்பதே அதன் கணக்கு.

பிரித்தானிய நாடாளுமன்றத்தின் 1833ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டம் இலங்கையையும் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப் பகுதிகளையும் விலக்கி வைத்தமையால், அடிமைமுறை இங்கு முற்றாக நீங்க 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மக்கள் இயக்கம் எதுவும் இன்றி நீதிமன்றமும் செயலகமும் நடத்திய இவ்வொழிப்பு, ஆளின் மீதிருந்த உடைமையுரிமையை நீக்கியதே தவிர, நிலம் எவர் கையில் இருந்ததோ அவர் கையிலேயே விட்டது. ஆகவே குடிமைத் தொழில்களும் தீண்டாமையும் சாதியின் பேரில் நீடித்தன. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்டோர் போராட நேர்ந்தது.