வீதியை உடைத்துப் பார்த்த பரிசோதனை

ஒரு வீதி பழுதடைந்தால் அதற்குப் பொறுப்பு யாருடையது? சிறு மோட்டார் வண்டியினதா, பாரமேற்றிய லொறியினதா? வீதிச் செலவில் எவர் எவ்வளவு இறுப்பது என்னும் வழக்கு இவ்வினாவிலேயே தங்கியிருந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1956ஆம் ஆண்டு பெருநெடுஞ்சாலைத் திட்டம் சட்டமானபோது, வழக்கு மேலும் முற்றிற்று. ஊகத்தை விடுத்து, வீதிகளை அமைத்து, அவற்றை உடைத்தே பார்ப்பதெனப் பொறியியலாளர் துணிந்தனர்.

இலினோய்ஸ் மாநிலத்தில் ஒட்டாவா என்னும் ஊரருகே ஆறு வளையங்களாகப் புது வீதிகள் எழுந்தன. சில பகுதிகள் தாரிட்டவை, சில கொங்கிறீற்றாலானவை. அவற்றின் தடிப்பும் பலவாறாக இருந்தது. காலநிலை மட்டும் விளைக்கும் சேதத்தை அறிதற்பொருட்டு ஒரு வளையத்தில் போக்குவரத்தே விடப்படவில்லை. ஏனையவற்றில் 1958 ஒக்டோபர் முதல் 1960 நவம்பர் வரை இராணுவத்தினர் இரவும் பகலும் வாகனங்களை ஓட்டினர். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு சுமை வகுக்கப்பட்டது. அது 2,000 இறாத்தல் அச்சில் தொடங்கி, தனியச்சுக்கு 30,000 இறாத்தல் வரை உயர்ந்தது. ஈறுவரை தாங்கிநின்ற பகுதிகள்மீது 11 இலட்சம் தடவைக்கு மேல் அச்சுக்கள் உருண்டன.

வீதி கெட்டதென எவர் தீர்ப்பது? வெடிப்பை அளத்தல் மட்டும் போதாது. ஆதலின் ஒரு குழுவினர் பல வீதிகளிற் பயணஞ்செய்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளியிட்டனர். அப்புள்ளிகளை மேடுபள்ளம், வெடிப்பு ஆகியவற்றின் அளவுகளோடு பொருத்தி ஒரு கணிப்புமுறை வகுக்கப்பட்டது. பயணி உணரும் சுகமும் இவ்வாறு கணக்கில் இடம்பெற்றது.

பாரம் இருமடங்காயின் சேதமும் இருமடங்காகும் என்றே நாம் எண்ணுவோம். கிடைத்த விடையோ, ஏறக்குறைய பதினாறு மடங்கு என்பதாகும். இதனையே நாலாம் அடுக்கு விதி என்பர். இவ்விதிப்படி, 18,000 இறாத்தல் அச்சு ஒருமுறை செய்யும் சேதத்தை 2,000 இறாத்தல் அச்சு செய்வதாயின், அது ஆறாயிரம் தடவைக்கு மேல் உருளவேண்டும். வழக்கின் ஒரு பாதி இங்கே தீர்ந்தது.

ஆயினும், நேயர்களே, அங்கே பரிசோதிக்கப்பட்டது ஒரே வகை மண், ஒரே காலநிலை, இரண்டே ஆண்டு. உறைந்த நிலம் இளகி நெகிழும் இளவேனிலிலேயே பல பகுதிகள் நொறுங்கின. பனியே காணாத நாடுகளும் பின்னர் அக்கணக்கைக் கையாண்டன. அவை தம் மண்ணையும் மழையையும் தாமே அளந்து பார்த்த பின்னரே அக்கணக்கை நம்புதல் தகும். ஒட்டாவாவில் உடைந்த வீதிகள் நமக்குக் கற்பிப்பதும் அதுவே.