மதில் மறைந்த தெருக்கள்: புதுச்சேரி நகர்மதிலும் வாயில் அடைப்பும் (1748–1778)

ஆய்வுச்சுருக்கம்

புதுச்சேரியைச் சூழ்ந்திருந்த நகர்மதில் இன்று இல்லை. அதன் தடம் அகன்ற சாலைகளாக எஞ்சியுள்ளது. அம்மதில் கட்டப்பட்டும் இடிக்கப்பட்டும் மீண்டும் எழுப்பப்பட்டும் வந்த காலத்தில் வாயில்களும் வழிகளும் அடைபட்டதன் சுமையைத் தாங்கியோர் யார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மதிலின் வரலாற்றை அரண் நூல்களின் நோக்கில் மட்டுமன்றி, வாயிலுக்கு வெளியே நின்றவர் நோக்கிலும் எழுதவேண்டும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, நகர்மதில், வாயில், முள்வேலி, முற்றுகை, நாட்குறிப்பு.

முன்னுரை

பழைய மதில் ஒன்றைச் செப்பனிடும்போது அதனை ஒட்டிய தெருவை அடைப்பது இன்று பல நகரங்களில் காணும் நடைமுறை. மாற்றுவழி காட்டும் பலகையோடு அத்தொல்லை முடிந்துவிடுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் நிலைமை வேறு. அங்கு மதில் வேலையும் வாயில் அடைப்பும் போரோடு பிணைந்தவை. அடைபட்ட வழிக்கு மாற்றுவழி இல்லை.

மரக்காணம் உப்பளங்களைக் கடந்து தெற்கே வரும் கடற்கரைப் பாதை பெரிய முதலியார்சாவடி, சின்ன முதலியார்சாவடி, கோட்டக்குப்பம், முத்தியால்பேட்டை வழியாக நகரை அடைகிறது. சாவடி என்னும் சொல் வழிப்போக்கர் தங்கும் பொதுமனையைக் குறிப்பது. நகரின் வடக்கு வாயில் திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்பது இப்பாதையில் நடந்தவர்க்கெல்லாம் அன்றாட வினாவாக இருந்திருக்க வேண்டும்.

வேலியும் மதிலும்

1693 முதல் 1699 வரை நகரைக் கைக்கொண்டிருந்த டச்சுக்காரர் நேர்த்தெருக்களாலான நகரமைப்புத் திட்டம் ஒன்றை வகுத்தனர். பிரெஞ்சுக்காரர் மீண்டும் வந்தபின் கோட்டையும் நகர்மதிலும் வளர்ந்தன. சென்னை வாயில், வழுதாவூர் வாயில், வில்லியனூர் வாயில், கடலூர் வாயில் என வாயில்கள் அவை நோக்கிய ஊர்களின் பெயராலேயே வழங்கின. இப்பெயரீட்டு முறையே மதில் வெளியூர்களோடு கொண்ட உறவைக் காட்டுகிறது. நகருக்கு வேண்டிய நெல்லும் துணியும் விறகும் அவ்வழிகளில்தான் வந்தன.

மதிலுக்கு வெளியே மற்றோர் அரணும் இருந்தது. கற்றாழையும் பிற முட்செடிகளும் பனை, தென்னை மரங்களோடு விரவி வளர்க்கப்பட்ட முள்வேலி அது. பாதைகள் வேலியை ஊடறுத்த இடங்களில் காவலரண்கள் நின்றன. ஆகவே நகருக்கு வெளியே வாழ்ந்தவரிலும் இருவகையினர் இருந்தனர்: வேலிக்கு உட்பட்டோர், வேலிக்கு அப்பாற்பட்டோர். மதிலுக்கும் வேலிக்கும் இடைப்பட்ட நிலத்தின் பொருள் அமைதிக்காலத்தில் ஒன்று, போர்க்காலத்தில் வேறொன்று.

1748: அரணின் பெயரால்

1748 ஆகஸ்டு இறுதியில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் போஸ்கவன் நகரை முற்றுகையிட்டார். அக்டோபரில் வெற்றியின்றி விலகினார். அவ்விடைக்காலத்து நிகழ்வுகளை ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாசியான ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு நாள்தோறும் தருகிறது. 1736 முதல் 1761 வரை விரியும் அந்நாட்குறிப்பு, ஒரு தமிழர் நகருக்குள்ளிருந்து எழுதியது என்பதால் இவ்வாய்வுக்கு முதன்மைச் சான்றாகிறது.

அம்முற்றுகையின்போதுதான், செப்டம்பர் மாதத்தில், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அருகிலிருந்த தேவாலயத்தினர் நெடுங்காலமாக வேண்டியும் நடவாத செயல், பகைவர் மதிற்புறத்தில் நின்ற நாள்களில் நடந்தேறியது. அமைதிக்காலத்தில் நகரத்தார் எதிர்ப்புக்கு ஆட்சியாளர் அஞ்சியதுண்டு. கோயிலில் கை வைத்தால் மக்கள் ஊரைவிட்டு நீங்குவர், வணிகம் படுக்கும். முற்றுகையோ அந்நீக்கத்தின் வலுவையே குறைத்தது. வெளியேறுவோம் என்று சொல்வதற்கு வெளியேறும் வழி வேண்டும். வாயில் அடைப்பு, படையியல் நடவடிக்கை என்ற எல்லையைக் கடந்து, நகரத்தாரின் குரலையும் அடைத்தது என இந்நிகழ்வைக் கொண்டு கருதலாம்.

1760: இரு கோடுகளுக்கு இடையில்

1760 செப்டம்பரில் அயர் கூட்டின் படை முள்வேலியையும் அதன் காவலரண்களையும் கைப்பற்றியது. அதன்பின் நகருள் உணவு அருகியது. நவம்பர் 27 அன்று, பிரெஞ்சுத் தளபதி லாலி, பணியாளர் சிலர் நீங்கலாக எஞ்சிய உள்நாட்டு மக்களை மதிலுக்கு வெளியே அனுப்பினார். ஆண், பெண், முதியோர், குழந்தைகள் என அவர்கள் தொகை 1,400 என்று ஆங்கில வரலாற்றாசிரியர் இராபர்ட் ஓர்ம் பதிவுசெய்கிறார்.

ஆங்கிலக் காவலர் அவர்களைக் கடந்துபோக விடவில்லை. உண்போர் தொகை குறையாதிருந்தால்தான் நகர் விரைந்து பணியும் என்பது முற்றுகையாளர் கணக்கு. அம்மக்கள் மதிலை நோக்கித் திரும்பியபோது உள்ளிருந்து சுடப்பட்டனர், சிலர் மாண்டனர். புல்லின் வேர்களை உண்டு அவர்கள் எட்டு நாள் அவ்வெளியில் அலைந்தனர் என்றும், பின்னரே கூட் வழிவிட்டார் என்றும் ஓர்ம் எழுதுகிறார்.

இரு தரப்பாரும் ஒரே கணக்கைத்தான் போட்டனர். ஒருவர் அவர்களை வெளியே தள்ளியதற்கும் மற்றவர் உள்ளே நிறுத்த முயன்றதற்கும் உணவின் அளவே காரணம். நகரைக் கட்டியும் நெய்தும் சுமந்தும் வாழவைத்த மக்கள் அக்கணக்கில் வயிறுகளாக மட்டுமே எண்ணப்பட்டனர். அரண்களின் அமைப்பை விரித்துரைக்கும் நூல்களில் இந்த எட்டு நாள் ஓர் இடைக்குறிப்பாகவே நிற்கிறது. மதிலின் பயன் யாருக்கு என்னும் வினாவுக்கோ, இதைவிடத் தெளிவான விடை கிடைப்பது அரிது.

இடிப்பும் மீட்டெழுப்பலும்

1761 ஜனவரி 16 அன்று நகர் வீழ்ந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாள்களுக்கு முன்னர் மறைந்தார். 1758இல் லாலி கடலூர்ப் புனித தாவீது கோட்டையை அழித்ததற்கு ஈடாக, ஆங்கிலேயர் புதுச்சேரியின் அரண்களையும் மாளிகைகளையும் தகர்த்தனர். பாரிசு உடன்படிக்கைப்படி 1765இல் நகரை மீளப்பெற்ற ஆளுநர் லா த லொரிஸ்தோன், பழைய தெருக்கோடுகளைத் தழுவியே அதனை எழுப்பினார். பூர்சே என்னும் பொறியாளரின் பொறுப்பில் மதிலும் மீண்டும் எழுந்தது. ஆயினும் 1778இல் மன்றோவின் முற்றுகைக்குப் பின் அக்டோபரில் நகர் பணிந்தது. மதில் மீண்டும் தகர்க்கப்பட்டது. இக்கட்டத்துக்கு, 1778இல் தொடங்கும் இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பு தமிழ்ச்சான்றாகிறது.

சென்னையிலும் இதனை ஒத்த நிகழ்வு உண்டு. கோட்டைக்கு வடக்கே இருந்த பழைய கறுப்பர் நகரம் அரணின் பொருட்டு அகற்றப்பட்டது. அவ்விடம் வெட்டவெளியாக்கப்பட்டு, அதன் எல்லை 1773இல் தூண்களால் குறிக்கப்பட்டது. புதிய நகரைக் காத்த மதிலின் பெயர் வால்டாக்ஸ் சாலையில் வாழ்கிறது. மதிலுக்காக மக்கள் இடம்பெயர்ந்ததும், மதில் போனபின் சாலை எஞ்சியதும் இரு நகரங்களுக்கும் பொது.

மதிலின் தடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி மதிலின் தடத்தில் அகன்ற சாலைகள் அமைந்தன. வடக்கே சர்தார் வல்லபபாய் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை என இன்று அவை வழங்குகின்றன. முன்பு நகரைத் தடுத்த கோடு இப்போது நகரைச் சுற்றிவரும் வழி. முத்தியால்பேட்டையும் முதலியார்பேட்டையும் அக்கோட்டுக்கு வெளியே வளர்ந்த பேட்டைகள் என்பதை இத்தடம் இன்றும் உணர்த்துகிறது. நகரின் நான்காம் பக்கமான கடற்கரைச் சாலை மாலை முதல் மறுநாள் காலை வரை ஊர்திகளுக்கு அடைக்கப்படுகிறது. அங்குத் தெரு அடைப்பு மக்களை நடக்கவிடுவதற்காக; 1760இன் அடைப்புக்கு நேர்மாறானது.

முடிவுரை

புதுச்சேரியின் நகர்மதிலைப் புதுப்பிக்க இயலாது; புதுப்பிக்கக் கல் எஞ்சவில்லை. பேணத்தக்கன இரண்டு: மதிலின் தடமாகிய தெருக்கோடு, அம்மதிலால் அடைபட்டோரின் நினைவு. முன்னதைப் பழைய வரைபடங்கள் காக்கின்றன. பின்னதைத் தேட, நாட்குறிப்புகளை மதிலின் வரலாற்றுக்கான சான்றுகளாக மீண்டும் வாசித்தல் வேண்டும். மரபு நடைப்பயணங்கள் அழகிய மாளிகைகளோடு நின்றுவிடாமல், 1,400 பேர் காத்துநின்ற மதிற்புறத்தையும் சுட்டுமாயின், நகரின் வரலாறு நிறைவு பெறும்.