குலுக்கையும் காற்றற்ற பையும்

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில், பழைய வீடுகளின் உள்ளறையில் குலுக்கை ஒன்று நிற்பது வழக்கம். வைக்கோல் கலந்து பிசைந்த மண்ணால் எழுப்பிய தானியக்கூடு அது. மேல்வாய் வழியே கம்பையும் சோளத்தையும் கொட்டி, மூடியின் விளிம்பைச் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிவிடுவர். அடியிலுள்ள சிறு துளையை அடைத்து வைத்திருந்து, வேண்டும்போது திறந்து அள்ளிக்கொள்வர். தஞ்சைப் பக்கம் இதனைக் குதிர் என்பர்.

இன்று அவ்விடத்தைக் காற்றை உறிஞ்சி மூடும் இயந்திரங்களும் நெகிழிப் பைகளும் பிடித்துவருகின்றன. இரண்டும் ஒரே கொள்கையின் பழைய, புதிய வடிவங்கள்தாமே என்று தோன்றலாம். பாதிதான் உண்மை. மெழுகிய கூட்டினுள் காற்றோட்டம் குறையும். வண்டுகள் பெருகுவது மட்டுப்படும். ஆனால் குலுக்கையின் காவல் அதற்கு முன்பே, களத்து வெயிலில் தொடங்கிவிடுகிறது. பல்லில் கடித்து ‘நறுக்’கென்று உடையாத தானியம் உள்ளே போகாது. துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பதும், விதைக்குச் சாம்பல் கலப்பதும், வேப்பிலை இடுவதும் அந்த முன்னேற்பாட்டின் பகுதிகளே.

காற்றே உணவைக் கெடுக்கிறது என்ற எண்ணம் ஐரோப்பாவிலும் நெடுநாள் நிலவியது. பிரான்சின் நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடிப் புட்டிகளில் இறுக அடைத்துக் கொதிநீரில் வேகவைத்துக் காக்கும் முறைக்காக 1810-இல் அரசிடம் 12,000 பிராங்க் பரிசு பெற்றார். உயிர்வளி நீங்கியதே அதன் இரகசியம் என்று வேதியியலாளர் கே-லுசாக் விளக்கினார். நுண்ணுயிர்களே காரணம், அவற்றை அழித்தது வெப்பமே என்பது 1860-களில் பாஸ்டரின் ஆய்வுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று.

காற்றின்மையே ஆபத்தாகும் என்பதைப் பெல்ஜியம் காட்டியது. 1895-இல் எல்லெசெல் என்னும் சிற்றூரில், ஓர் இறுதிச் சடங்குக்கு வாசிக்க வந்த இசைக்கலைஞர்கள் உப்புநீரில் ஊறவைத்த பன்றித்தொடையை உண்டனர். பலர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். அவ்விறைச்சியில் எமில் வான் எர்மெங்கெம் கண்டறிந்து 1897-இல் வெளியிட்ட கிருமியே இன்று கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் எனப்படுவது. உயிர்வளி இல்லாத ஈரமான, புளிப்புக் குறைந்த உணவில் அது செழித்து நரம்புகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சை மணத்தாலோ சுவையாலோ அறிய இயலாது. அதன் வித்துகள் சாதாரணக் கொதிநீரிலும் தப்பிப் பிழைக்கும்.

ஆகவே, காற்றை நீக்கிய பை குளிர்பெட்டிக்கு மாற்றாகாது. நன்கு காய்ந்த பருப்பையும் சிறுதானியத்தையும் அதில் அடைத்து அலமாரியில் வைக்கலாம். மீன், இறைச்சி, சமைத்த குழம்பு, உரித்த பூண்டு ஆகியவற்றை அடைத்தால் குளிரிலேயே வைத்துச் சில நாட்களில் பயன்படுத்திவிட வேண்டும். நெடுநாள் வேண்டுமெனில் உறையவைக்க வேண்டும். உறைந்த பையை இளக்குவதும் குளிர்பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும், அதுவும் பையைப் பிரித்தபின்.

நம் பாட்டிமார் நுண்ணுயிரியல் படித்தவரல்லர். ஆயினும் மாங்காய்க்கு உப்பும் புளிப்பும், மிளகாய்க்கு மோரும் வெயிலும், இறைச்சிக்கு உப்புக்கண்டம் என ஒவ்வொன்றுக்கும் தனி வழி வைத்திருந்தனர். குலுக்கைக்குள் ஈரமான எதையும் அவர்கள் இட்டதில்லை.